அந்த இடத்துத் தோல் எரியும்போது: லைக்கன் ஸ்கிளிரோசஸ் பற்றி என்னிடம் கேட்கும் கேள்விகள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் இல்லை. ஏற்காட்டில் பிறந்து, சேலம் அம்மாப்பேட்டையில் தறிக்காரர் வீட்டுக்கு வாக்கப்பட்டவள். வயது 61. ஆறு வருடமாக இந்த நோயோடு இருக்கிறேன். அதற்கு முன் மூன்று வருடம் இது என்னவென்றே தெரியாமல் சொறிந்துகொண்டிருந்தேன். ஒருநாள் மனம் பொறுக்காமல் நாத்தனாரிடம் சொன்னேன். அவள் தன் ஓரகத்தியிடம் சொல்லியிருக்கிறாள். அப்புறம் பார்த்தால் கல்யாண மண்டப மாடிப்படியில், பஸ் ஸ்டாண்டில், ராத்திரி பத்து மணி போனில் என்று ஆள் மாற்றி ஆள் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்கிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். அதனால் எழுதி வைத்துவிட்டேன்.

பெயரே வாயில் நுழையவில்லை அக்கா. என்னதான் நோய் இது?

பிரியாணிக்குப் போடும் கல்பாசி தெரியும் அல்லவா? ஏற்காட்டில் சில்வர் ஓக் பட்டையிலும் பாறையிலும் சாம்பல் நிறத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறதே, அதுவும் அந்த இனம்தான். அதற்கு டாக்டர் பாஷையில் லைக்கன் என்று பெயர். தோலில் திட்டுத்திட்டாகப் படரும் சில நோய்களுக்கும் அதே பெயரை வைத்துவிட்டார்கள். ஸ்கிளிரோசஸ் என்றால் இறுகிப்போவது. பெயர்தான் ஒன்று, கல்பாசிக்கும் இந்த நோய்க்கும் வேறு உறவு கிடையாது. இது பூஞ்சையும் இல்லை.

தோலில் நாள்பட்ட அழற்சி. பெரும்பாலும் பெண்குறியின் உதடுகளிலும் ஆசனவாயைச் சுற்றியும் வரும். தோல் வெளுத்து, மெலிந்து, கசக்கிய பட்டர் பேப்பர் போலச் சுருங்கும். அரிப்பு, முக்கியமாக ராத்திரியில். சொறிந்தால் வெடிப்பு, ரத்தக்கசிவு, சிறுநீர் பட்டால் எரிச்சல். கவனிக்காமல் விட்டால் உள் உதடுகள் மெல்ல மெல்லக் கரைந்து ஒட்டிக்கொள்ளும், யோனியின் வாய் குறுகும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு அதிகம். வயதுக்கு வராத சிறுமிகளுக்கும் வரும். நடு வயதிலும் வராது என்றில்லை.

ஒட்டிக்கொள்ளுமா? சுத்தமில்லாததால் வந்ததா?

இரண்டும் இல்லை. கிருமியால் வருவதில்லை, உடலுறவால் வருவதில்லை, ஒரே பாத்ரூமில் குளித்தால் தொற்றுவதும் இல்லை. நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தி நம் தோலையே எதிரியாக நினைத்துத் தாக்குவதாகத்தான் டாக்டர்கள் கருதுகிறார்கள். தைராய்டு கோளாறு இருப்பவர்களிடம் இது கொஞ்சம் கூடுதலாகக் காணப்படுகிறது; எனக்கும் தைராய்டு மாத்திரை ஓடுகிறது. சுத்தம் என்று பார்த்தால், நான் தேவைக்கு மேல் சுத்தமாக இருந்து தோலைக் கெடுத்துக்கொண்டவள். அந்தக் கதை கீழே வருகிறது.

வெள்ளையாக இருக்கிறதே, வெண்குஷ்டமா?

இந்தப் பயத்தில்தான் பலர் யாரிடமும் காட்டுவதில்லை. வெண்புள்ளியில் நிறம் மட்டும்தான் போகும். தோல் வழுவழுப்பாக, பழையபடியே இருக்கும், பெரும்பாலும் அரிக்காது. இதில் தோலின் தன்மையே மாறும். சிலருக்கு இரண்டும் சேர்ந்தே இருப்பதுண்டு, அதனால் கண்ணாடியில் பார்த்து நீங்களே தீர்ப்புச் சொல்லிக்கொள்ள வேண்டாம். தோல் டாக்டர் பார்த்தாலே பெரும்பாலும் சொல்லிவிடுவார். சந்தேகம் இருந்தால் மரத்துப்போக ஊசி போட்டு, அரிசி அளவு தோல் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார்.

வறட்சிதானே? நல்ல மாய்ஸ்சரைசர் போட்டால் போதாதா?

போதாது. இந்தப் பக்கத்தில் ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். நோயை அடக்குவது டாக்டர் எழுதித் தரும் ஸ்டீராய்டு ஆயின்ட்மென்ட். ஈரப்பதம் காக்கும் களிம்பு தோலுக்கு மேல் ஒரு போர்வை: சிறுநீர், வியர்வை, உரசல் எதுவும் நேரடியாகப் படாமல் பார்த்துக்கொள்ளும். வீடு ஒழுகும்போது தார்ப்பாய் போடுவது நல்லதுதான். ஆனால் ஓடு மாற்ற வேண்டியதை மாற்றித்தான் ஆக வேண்டும்.

தலைகீழாகவும் சிலர் செய்கிறார்கள். ஸ்டீராய்டு மட்டும் போட்டுவிட்டு, மற்ற நேரத்தில் தோலைக் காயவிடுகிறார்கள். எரிச்சல் அடங்காதபோது மருந்து வேலை செய்யவில்லை என்று விட்டுவிடுகிறார்கள். இரண்டும் வேண்டும். ஒன்று அளந்து, டாக்டர் சொன்ன நாளில். மற்றது தாராளமாக, தினமும், அரிப்பு இல்லாத நாளிலும்.

சரி, எதைப் போடலாம்? தேங்காய் எண்ணெய் போதுமா?

வாசனை, நிறம் எதுவும் சேர்க்காத வெள்ளை பெட்ரோலியம் ஜெல்லிதான் என் முதல் தேர்வு. எல்லா மருந்துக்கடையிலும் மளிகைக்கடையிலும் கிடைக்கிறது, விலை குறைவு. அதில் அலர்ஜி தரக்கூடிய சரக்கு ஏறக்குறைய எதுவும் இல்லை, தண்ணீரையும் சிறுநீரையும் தள்ளி நிறுத்தும். டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள். கற்றாழை, கோகோ, குழந்தைகள் வாசனை என்று அலங்காரம் செய்த வகைகள் பக்கத்திலேயே இருக்கும். அவை வேண்டாம்.

பிசுபிசுப்புப் பிடிக்காதவர்களுக்கு, வெள்ளை சாஃப்ட் பாரஃபினும் லிக்விட் பாரஃபினும் கலந்த களிம்புகள் உண்டு. கொஞ்சம் இளக்கமாக இருக்கும், தடவும்போது தோலை இழுக்காது. பொதுவாக க்ரீமைவிட ஆயின்ட்மென்ட் நல்லது. க்ரீமில் தண்ணீர் இருப்பதால் கெடாமலிருக்க ரசாயனம் சேர்ப்பார்கள். வெடித்த தோலுக்கு அதுதான் சுருக்கென்று எரியும்.

தேங்காய் எண்ணெயை நான் குறை சொல்லமாட்டேன். செக்கில் ஆட்டிய, வாசனை சேர்க்காத எண்ணெய் பலருக்கு ஒத்துக்கொள்கிறது. ஆனால் தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் வேறு. அதில் மல்லிகை வாசனையோ மூலிகையோ கலந்திருக்கும். அப்புறம், எண்ணெய் சீக்கிரம் ஊறிப் போய்விடும், ஜெல்லி போல நேரம் தாங்காது. நான் பகலில் வீட்டில் இருக்கும்போது எண்ணெய், வெளியே கிளம்பும்போதும் படுக்கும்போதும் ஜெல்லி என்று வைத்திருக்கிறேன். விளக்கெண்ணெய் ஒத்துக்கொள்கிறது என்று சொன்னவர்களும் உண்டு. எனக்கு அந்தப் பிசுக்கு ஆகாது.

எதைப் புதிதாக வாங்கினாலும் முன்கையின் உள்பக்கத்தில் இரண்டு மூன்று நாள் தடவிப் பாருங்கள். சிவக்கவில்லை, அரிக்கவில்லை என்றால் கீழே போடலாம். ஒரே நாளில் இரண்டு புதுப் பொருளை ஆரம்பிக்காதீர்கள். எரிந்தால் எது எரித்தது என்று தெரியாமல் போகும்.

கையை எட்ட வைக்கவே கூடாதவை சில: பித்தவெடிப்பு க்ரீம் (யூரியா, சாலிசிலிக் ஆசிட் இருக்கும், புண்ணில் பட்டால் உயிர் போகும்), காலமைன் லோஷன் (தோலை இன்னும் உலர்த்தும்), தலைவலித் தைலம் (சிரிக்காதீர்கள், போட்டவர் இருக்கிறார்), “அந்தரங்கச் சுத்தம்” என்று விளம்பரம் வரும் வாசனைத் திரவங்கள்.

எவ்வளவு, எத்தனை தடவை, எந்த வரிசையில்?

காலையில் குளித்ததும், ஒவ்வொரு முறை பாத்ரூம் போய்வந்ததும், படுக்கும் முன். குறைந்தது மூன்று நான்கு தடவை. தேய்க்க வேண்டாம், விரலால் ஒற்றி மெல்லிய படலமாகப் பரப்பினால் போதும். இந்த நோய் வழக்கமாக யோனிக்குள்ளே போவதில்லை, அதனால் களிம்பை உள்ளே செலுத்த வேண்டியதில்லை. வெளியே, உதடுகளின் மடிப்பில், பின்னால் ஆசனவாய் வரைக்கும்.

ஸ்டீராய்டு போடும் ராத்திரியில் இரண்டையும் குழைத்துப் போடாதீர்கள், மருந்து நீர்த்துப் போகும். அரை மணி நேரம் இடைவெளி விடுங்கள். எனக்கு ஒன்பது மணிக்கு மருந்து, ஒன்பதரைக்கு ஜெல்லி. நடுவில் பால் காய்ச்சி, வாசல் விளக்கை அணைத்து, பூட்டைச் சரிபார்த்து வந்தால் நேரம் சரியாக இருக்கும்.

டப்பாவுக்குள் விரலை விட்டு விட்டு எடுத்தால் கிருமி போகும். சின்ன ஸ்பூனால் எடுங்கள், அல்லது ட்யூபில் வருவதை வாங்குங்கள். கை கழுவுவதைப் பற்றி ஒரு வார்த்தை: மிளகாய் கிள்ளிய கை, மிளகு உதிர்த்த கை வெறும் தண்ணீருக்குப் போகாது. முதலில் எண்ணெய் தேய்த்துத் துடைத்துவிட்டு, அப்புறம் சோப்பு போட்டுக் கழுவுங்கள். ஏற்காட்டில் மிளகுக் காலத்தில் என் அண்ணி இதை ஒருமுறை மறந்துவிட்டு, பாதி ராத்திரி பேசின் தண்ணீரில் உட்கார்ந்திருந்தாள்.

எதைப் போட்டுக் கழுவுவது?

இங்கேதான் என் கதை. அரிப்பு வந்ததும் அழுக்கு என்று நினைத்தேன். சோப்பு, அது போதாதென்று பக்கெட் தண்ணீரில் இரண்டு மூடி கிருமிநாசினி, வேப்பிலைத் தண்ணீர், பூசுமஞ்சள், ஒரு நாளைக்கு நாலு தடவை. மருந்துக்கடையில் கேட்டபோது படர்தாமரை என்று சொல்லி ஒரு க்ரீம் கொடுத்தார்கள். அதை மாற்றி மாற்றிப் போட்டதில் மூன்று வருடம் போனது. கழுவக் கழுவ எரிந்தது, எரிய எரியக் கழுவினேன்.

இப்போது ஒரு நாளைக்கு ஒருமுறை, வெதுவெதுப்பான தண்ணீர், கை மட்டும். நாரும் இல்லை, துணியும் இல்லை. சோப்பு போட்டே ஆக வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டால், ஒரு பட்டாணி அளவு களிம்பைக் கையில் குழைத்துத் தடவி, தண்ணீர் ஊற்றிவிடுங்கள். எமல்சிஃபையிங் ஆயின்ட்மென்ட் என்று கேட்டால் இதற்கென்றே இருக்கிறது. தலைக்குக் குளிக்கும்போது ஷாம்பூவோ சீயக்காயோ வழிந்து கீழே போகும். தலையை முன்னால் குனிந்து அலசுங்கள், அல்லது குளிக்கும் முன்பே கொஞ்சம் ஜெல்லி தடவிக்கொள்ளுங்கள்.

சேலத்தில் போர் தண்ணீர் பல தெருக்களில் கடினத் தண்ணீர். சோப்போடு சேர்ந்தால் வெள்ளையாகத் திரிந்து தோலில் படிந்துவிடும். குழாயில் மேட்டூர் தண்ணீர் வரும் நாளில் ஒரு குடம் இதற்கென்று எடுத்து வைப்பேன். வீட்டில் கேலி செய்தார்கள், செய்யட்டும்.

மஞ்சளும் வேப்பிலையும் இயற்கைதானே என்று கேட்பீர்கள். செங்காந்தள் கிழங்கும் இயற்கைதான். முழுத் தோலுக்கு ஒத்துக்கொள்வது வெடித்த தோலுக்கு ஒத்துக்கொள்ளாது. டாய்லெட்டில் பீய்ச்சும் குழாய் வைத்திருப்பவர்கள் வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். துடைக்கும்போது பழைய பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். ஈரத் துடைப்பான் காகிதம் வேண்டவே வேண்டாம்.

சிறுநீர் போகும்போது மிளகாய் தேய்த்த மாதிரி எரிகிறது. என்ன செய்வது?

போவதற்கு முன் வெடிப்பின் மேல் ஜெல்லியை ஒற்றிக்கொள்ளுங்கள். போகும்போதே ஒரு சொம்பு வெதுவெதுப்பான தண்ணீரை மெல்ல ஊற்றிக்கொண்டே போங்கள், சிறுநீர் நீர்த்துப்போகும். முடிந்ததும் ஒற்றித் துடைத்து மறுபடி ஜெல்லி. இந்த மூன்றும் சேர்ந்தால் வித்தியாசம் அன்றைக்கே தெரியும்.

எரிச்சலுக்குப் பயந்து தண்ணீர் குடிப்பதைக் குறைக்கிறார்கள். வெள்ளிப் பட்டறையில் உட்கார்ந்த இடத்தில் வேலை செய்யும் பெண்களும் காப்பித் தோட்டத்தில் பழம் பறிக்கும் பெண்களும் பாத்ரூம் வசதி இல்லாததால் காலையிலிருந்தே குடிப்பதில்லை. சிறுநீர் அடர்ந்து போனால் எரிச்சல் கூடத்தான் செய்யும். குடியுங்கள்.

வயதானவர்களுக்கு இருமினால், தும்மினால் சொட்டும். அந்தச் சொட்டு நாள் முழுக்கத் தோலில் இருப்பது இந்த நோய்க்கு உரம் போட்டது போல. வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். அதற்குத் தனியாகப் பயிற்சியும் மருந்தும் இருக்கின்றன.

மலச்சிக்கலையும் விடக்கூடாது. முக்கினால் பின்பக்கத் தோல் கிழியும். கீரை, கொய்யா, தண்ணீர். போதவில்லை என்றால் டாக்டரைக் கேட்டு மருந்து.

ராத்திரி அரிப்பில் தூக்கமே இல்லை. உடனே எதைச் செய்வது?

குளிர்ச்சி. சுத்தமான பருத்தித் துணியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, பத்து நிமிடம் ஃபிரிட்ஜில் வைத்து, உள்பாவாடைக்கு மேலேயே ஒற்றி வையுங்கள். ஐஸ் கட்டியை நேராக வைக்காதீர்கள், மெலிந்த தோல் புண்ணாகிவிடும். ஜெல்லி டப்பாவையே ஃபிரிட்ஜ் கதவில் வைத்திருக்கிறேன். குளிர்ந்த களிம்பு அரிப்பைக் கொஞ்ச நேரம் மறக்கடிக்கும். பேரன் ஜாம் என்று நினைத்துத் திறந்துவிட்டான், அதிலிருந்து மேலே பெயர் எழுதி ஒட்டியாயிற்று.

அகலமான பேசினில் வெறும் வெதுவெதுப்பான தண்ணீர் நிரப்பி ஐந்து பத்து நிமிடம் உட்காருவதும் நல்லது. உப்பு, டெட்டால், படிகாரம் எதுவும் சேர்க்க வேண்டாம். எழுந்ததும் ஒற்றித் துடைத்து, ஈரம் முழுக்கக் காய்வதற்குள் களிம்பு.

நகத்தை ஒட்ட வெட்டுங்கள். தூக்கத்தில் கை தானாகப் போகும். இந்த நோயில் காயம்பட்ட இடத்தில் புதிதாகத் திட்டு வரும் குணம் இருக்கிறது, அதனால் சொறிவது வெறும் கெட்ட பழக்கம் அல்ல, நோய்க்கு வழி வெட்டிக் கொடுப்பது. ஒரு வாரத்துக்கு மேல் இப்படிக் கழிந்தால் குளிர்ந்த துணியை நம்பிக்கொண்டிருக்க வேண்டாம், மருந்தை மாற்றிப் பார்க்க வேண்டிய நேரம் அது.

இன்னொன்று. தயிர் திரிந்த மாதிரி வெள்ளைப்படுதலோடு அரிப்பு என்றால் அது வேறு, பூஞ்சையாக இருக்கலாம். சர்க்கரை இருப்பவர்களுக்கு அடிக்கடி வரும். இரண்டும் சேர்ந்தும் வரும். டாக்டரிடம் காட்டாமல் பழைய ட்யூபைப் பிதுக்காதீர்கள்.

என்ன உடுத்துவது?

பருத்தி ஜட்டி, ஒரு அளவு பெரிதாக. வீட்டில் இருக்கும்போதும் ராத்திரியும் அதுவும் வேண்டாம், பருத்திப் பாவாடை போதும். லெகின்ஸ், இறுக்கமான ஜீன்ஸ், நைலான் உள்பாவாடை எல்லாம் வியர்வையைப் பிடித்து வைக்கும். துவைக்கும் பவுடர் கரையாமல் துணியில் தங்கினால் அதுவும் அரிக்கும், அதனால் உள்ளாடையை இரண்டு தண்ணீர் கூடுதலாக அலசுங்கள். வாசனைத் திரவத்தில் முக்க வேண்டாம். மாதவிடாய் இருப்பவர்கள் வாசனை போட்ட நாப்கினை ஒதுக்கி, பருத்தி மேல்பரப்பு உள்ளதைப் பயன்படுத்தலாம்.

குழித்தறியில் எட்டு மணி நேரம் பலகையில் உட்காரும் பெண்கள் மெத்தென்ற பருத்தித் திண்டு போட்டுக்கொள்ளுங்கள், ஒரு மணிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள். ஸ்கூட்டியில் வெயிலில் நின்ற சீட்டில் உட்காரும் முன் ஒரு துண்டை விரியுங்கள்.

சேலம் வெயில், ஏற்காடு குளிர். இரண்டுக்கும் ஒரே களிம்பா?

பொருள் ஒன்றுதான், முறைதான் மாறும். எனக்கு இரண்டு ஊரிலும் வீடு இருப்பதால் இது நன்றாகத் தெரியும். 20 கொண்டை ஊசி வளைவு ஏறினால் ஊரே மாறிவிடுகிறது. ஏற்காடு கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரம்.

சேலத்தில் ஏப்ரல், மே மாதம் வறட்சியைவிட வியர்வைதான் எதிரி. கனமாக அப்பினால் தோல் ஊறிப்போகும். மெல்லியதாகப் போடுங்கள், மதியம் ஒருமுறை வெறும் தண்ணீர் ஊற்றி ஒற்றிவிட்டு மறுபடி போடுங்கள். ஜெல்லி உருகி எண்ணெயாக நிற்கும், அதனால் கைப்பையில் வைக்கும் டப்பா இறுக்க மூடுவதாக இருக்கட்டும். என் நல்ல பட்டுச் சேலை ஒன்று அப்படித்தான் போனது.

மலையில் டிசம்பர், ஜனவரியில் காற்று தோலை இழுத்துப் பிடிக்கும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும், கட்டியை அப்படியே தேய்த்தால் உராய்வு. உள்ளங்கையில் வைத்து உருக்கிக்கொள்ளுங்கள். கொதிக்கக் கொதிக்க வெந்நீர் விட்டுக்கொள்ளத் தோன்றும். அந்த நேரம் சுகம், அரை மணியில் அரிப்பு இரண்டு மடங்கு. கம்பளிப் பாவாடை, கம்பளி பேன்ட் போடுபவர்கள் உள்ளே பருத்தி போடாமல் போடாதீர்கள்.

இன்னொன்றும் முக்கியம். பாரஃபின் களிம்போ எண்ணெயோ ஊறிய துணி, தீப்பட்டால் குபீரென்று பற்றும். துவைத்தாலும் முழுக்கப் போகாது. விறகடுப்பு, கணப்பு, விளக்குப் பக்கத்தில் நிற்கும்போது நினைவு இருக்கட்டும். பாத்ரூம் தரையில் சிந்தினால் வழுக்கும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்டீராய்டு தோலை மெலிதாக்கிவிடும் என்கிறார்களே?

இந்தப் பயத்தால்தான் பாதிப் பேர் பத்தாவது நாளில் நிறுத்திவிடுகிறார்கள். நானும் நிறுத்தியவள். ட்யூப் பெட்டியில் இருக்கும் காகிதத்தில் அந்தரங்க இடத்தில் போடாதே என்றுகூட இருக்கும். பொதுவாகச் சொன்ன எச்சரிக்கை அது. இந்த நோய்க்கு டாக்டர் தெரிந்தேதான் அங்கே எழுதுகிறார்.

எழுதுவது பெரும்பாலும் குளோபிட்டசால் 0.05 சதவீத ஆயின்ட்மென்ட், இருப்பதில் வீரியம் கூடியது. பொதுவான முறை: முதல் மாதம் தினமும் ராத்திரி ஒருமுறை, அடுத்த மாதம் ஒருநாள் விட்டு ஒருநாள், மூன்றாவது மாதம் வாரம் இரண்டு தடவை. உங்கள் டாக்டர் வேறு மாதிரி சொன்னால் அவர் சொல்வதுதான் கணக்கு. அளவு சின்னது. 30 கிராம் ட்யூப் ஒன்று மூன்று மாதம் தாங்க வேண்டும். ஒரே மாதத்தில் தீர்ந்தால் அதிகம் போடுகிறீர்கள். ஆறு மாதம் ஆகியும் பாதி இருந்தால் பயந்து பயந்து போடுகிறீர்கள். அதன்பின் வாரம் ஒன்றோ இரண்டோ முறை என்று பலருக்குத் தொடரும். சொன்ன இடத்தில், சொன்ன அளவு போட்டால் தோல் மெலிவது அரிது. தோலை உண்மையில் மெலிய வைப்பது நோய்தான்.

கவனிக்க வேண்டியது வேறு. கடையில் குளோபிட்டசாலோடு பூஞ்சை மருந்தும் பாக்டீரியா மருந்தும் சேர்த்த கலவை க்ரீம்கள் கிடைக்கின்றன. 2018-லேயே ஸ்டீராய்டுக் களிம்புகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று அரசு கட்டுப்படுத்தியது, ஆனாலும் கேட்டால் கொடுக்கும் கடை இருக்கத்தான் செய்கிறது. ட்யூப் மேல் ஒரே ஒரு மருந்தின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். அதை முகக் கருப்புக்குப் போடுவது, பக்கத்து வீட்டுக்குக் கடன் கொடுப்பது, இரண்டும் வேண்டாம்.

அரிப்பு நின்ற பிறகும் வெள்ளை கொஞ்சம் இருக்கும். ஒட்டிக்கொண்டது பழையபடி பிரியாது. அதைப் பார்த்து மருந்து பலிக்கவில்லை என்று நினைக்காதீர்கள்.

கணவரோடு சேர முடியவில்லை. எப்படிச் சொல்வது?

வலிக்கிறது, இது தோல் வியாதி, உங்களுக்கு ஒட்டாது. மூன்று சொற்றொடர்தான், விளக்கை அணைத்துவிட்டுச் சொன்னால் எளிது. புண் இருக்கும் நாளில் வேண்டாம். ஆறிய பிறகு, தாராளமாக வழுக்கும் ஜெல்லியோடு, அவசரமில்லாமல். பெட்ரோலியம் ஜெல்லியும் எண்ணெயும் ரப்பர் ஆணுறையைக் கெடுத்துவிடும். ஆணுறை பயன்படுத்துபவர்கள் வாசனை இல்லாத, தண்ணீர் கலந்த ஜெல்லியோ சிலிக்கான் ஜெல்லியோ வாங்குங்கள். மாதவிடாய் நின்றவர்களுக்கு உள்வறட்சியும் சேர்ந்திருக்கும். அதற்கு ஹார்மோன் க்ரீம் உண்டு; அது இந்த நோய்க்கான மருந்துக்குப் பதில் அல்ல, கூட.

என் மகளுக்கு ஏழு வயது. அவளுக்கும் அங்கே வெள்ளையாக இருக்கிறது.

உடனே குழந்தைகள் டாக்டரிடமோ தோல் டாக்டரிடமோ காட்டுங்கள். சிறுமிகளுக்கு மலம் போகப் பயந்து அடக்குவது, சிறுநீர் எரிகிறது என்று அழுவது, உட்காரும்போது நெளிவது முதல் அறிகுறியாக இருக்கும். சில நேரம் தோலுக்கடியில் ரத்தத் திட்டு தெரியும், யாரோ குழந்தையைத் தொட்டுவிட்டார்கள் என்று வீடே கலங்கும். இந்த நோயே அப்படிக் காட்டும் என்பது தெரிந்திருக்க வேண்டும். ஆனால் குழந்தை ஏதாவது சொன்னால் நோய்தான் என்று அதை ஒதுக்கிவிடவும் கூடாது. வைத்தியம் பெரியவர்களைப் போலத்தான். பள்ளிக்குப் போகும் முன் ஜெல்லி, சின்ன டப்பா ஒன்று பையில். வயதுக்கு வந்தால் சரியாகிவிடும் என்று பாட்டிமார் சொல்வார்கள். சிலருக்குக் குறையும், எல்லோருக்கும் இல்லை.

ஆண்களுக்கு வருமா?

வரும். முன்தோலிலும் மொட்டிலும். தோல் வெளுத்து இறுகி, பின்னால் தள்ள முடியாமல் போகும், சிறுநீர் துவாரம் குறுகலாம். களிம்பு கேட்காதவர்களுக்கு முன்தோலை நீக்கினால் பெரும்பாலும் குணமாகும்.

எப்போது பயப்பட வேண்டும்?

மூன்று வாரத்தில் ஆறாத புண், கட்டி, மரு போலத் தடித்த இடம், மருந்து போட்டும் அடங்காத ஒரே இடத்து வலி, காரணமில்லாத ரத்தம். இதில் எது இருந்தாலும் அடுத்த செக்கப் வரை காத்திருக்காதீர்கள். இந்த நோய் உள்ள பெண்களில் 100 பேரில் 5-க்கும் குறைவானவர்களுக்கு அந்தத் தோலில் புற்றுநோய் வரலாம். மருந்தை ஒழுங்காகப் போடுகிறவர்களுக்கு அந்த வாய்ப்பு இன்னும் குறைவு. நான் மாதம் ஒன்றாம் தேதி கைக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறேன். முதல் முறை பார்க்கத்தான் கூச்சமாக இருந்தது. 55 வருடம் என் உடம்பில் இருந்ததை அன்றைக்குத்தான் முதன்முதலில் பார்த்தேன்.

யாரிடம் போவது? சீட்டு வாங்கும் இடத்திலேயே கூச்சமாக இருக்கிறதே.

தோல் டாக்டர், இல்லையென்றால் மகப்பேறு டாக்டர். சேலம் பெரியாஸ்பத்திரியில், அதாவது மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், தோல் பிரிவு இருக்கிறது. சீட்டு எழுதும் இடத்தில் “தோல்” என்று மட்டும் சொல்லுங்கள், அதற்கு மேல் யாரும் கேட்கப் போவதில்லை. பெண் டாக்டர் வேண்டும் என்று கேட்கலாம், தப்பில்லை.

உள்ளே போனதும் “அரிப்பு” என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். பார்க்காமலேயே பூஞ்சை மருந்து எழுதிவிடும் ஆபத்து உண்டு, எனக்கு நடந்தது. “கீழே தோல் வெள்ளையாகி வெடிக்கிறது, ராத்திரி அரிக்கிறது, நீங்கள் பார்க்க வேண்டும்” என்று சொல்லுங்கள். இதுவரை போட்ட ட்யூப்களையெல்லாம், தீர்ந்து போனதைக்கூட, ஒரு கவரில் போட்டு எடுத்துப்போங்கள். அன்று காலை மட்டும் களிம்பு தடவாமல் போங்கள், தோலின் நிறம் சரியாகத் தெரியும். கைப்பையில் ஜெல்லி டப்பா இருக்கட்டும், திரும்பி வரும் பஸ் பயணத்துக்குத் தேவைப்படும்.